சிங்கப்பூரில் கச்சேரி இரவு: டிக்கெட் எடுப்பதிலிருந்து கடைசி ரயில் வரை என்னவெல்லாம் மாறியிருக்கிறது?

காலாங்_கரை (இழையைத் தொடங்கியவர்)

ஒரு தமிழ்க் கச்சேரி அறிவிப்பு வந்தால் போதும், அதே கேள்விகள் மறுபடி வரிசையாக வந்து விழுகின்றன. எந்த வகுப்பு டிக்கெட் எடுப்பது, பத்தரைக்கு மேல் உள்ளே பானம் கிடைக்குமா, முடிந்ததும் உட்லண்ட்ஸ் போக ரயில் இருக்குமா. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதைத் தொடங்குகிறேன்.

2020 மார்ச் கடைசியில் மதுக்கூடங்களும் இரவு விடுதிகளும் மூடப்பட்டன. 2022 ஏப்ரலில்தான் முழுதாகத் திறந்தன. திரும்பி வந்தது பழைய இரவு இல்லை. பெரிய அரங்குகளில் நிகழ்ச்சி கூடிவிட்டது, சின்ன இடங்கள் குறைந்துவிட்டன. நள்ளிரவுக்குப் பிறகு ஓடிய நைட்ரைடர், நைட் ஔல் பேருந்துகள் 2020 ஏப்ரலில் நின்றவை, பிறகு வரவே இல்லை. இந்த ஒன்று மட்டுமே கச்சேரிக்குப் போகிறவரின் கணக்கை அடியோடு மாற்றிவிட்டது. முன்பெல்லாம் பன்னிரண்டரைக்கு வெளியே வந்தாலும் சில வெள்ளியில் வீட்டுப் பக்கம் போய்ச் சேரலாம். இப்போது அந்த நேரத்துக்கு வாடகை வண்டி ஒன்றுதான் வழி. டாக்சியில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் கட்டணத்தோடு பாதி கூடும்.

அரங்குகளை அளவு வாரியாகப் போட்டுவிடுகிறேன், பேச வசதியாக இருக்கும். எஸ்பிளனேட் கலை மையத்தின் சிங்டெல் வாட்டர்ஃபிரண்ட் அரங்கு 550 இருக்கை, 2022இல் திறந்தது. அதே வளாகத்தின் இசையரங்கு ஏறக்குறைய 1,600, நாடக அரங்கு 2,000க்குக் கொஞ்சம் கீழே. புவன விஸ்தாவில் ஸ்டார் தியேட்டர் 5,000. காலாங்கில் உள்ளரங்கு (இண்டோர் ஸ்டேடியம்) 12,000. அதன் பக்கத்திலேயே தேசிய விளையாட்டரங்கம் 55,000. விவரம் தெரிந்தவர்கள் தொடருங்கள், தவறு இருந்தால் திருத்துங்கள்.

தேக்காத்தாளம்

நல்ல இழை. அளவுப் பட்டியல் 550இல் ஆரம்பிக்கிறது பாருங்கள், குறையே அங்கேதான். ஐம்பது பேர், நூறு பேர் உட்கார்ந்து கேட்கிற இடங்கள்தான் இந்த ஊரின் இசை இரவை இத்தனை காலம் தாங்கியவை. அறுபதுகளில் ஞாயிறு பிற்பகல் தேநீர் நடனங்களில் உள்ளூர் கிட்டார் குழுக்கள் வாசித்தன. 1990இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் கலை மையம் வந்தது. தங்ளின் ஷாப்பிங் சென்டரில் 'எனிவேர்' என்ற இடத்தில் தானியா குழு வருஷக்கணக்கில் வாசித்தது. 1991இல் ஜியாக் கிம் ஸ்திரீட்டில் ஸூக் இரவு விடுதி. இவற்றில் சப்ஸ்டேஷன் 2021 ஜூலையில் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. ஸூக் 2016 கடைசியில் கிளார்க் கீக்கு இடம் மாறியது.

ஏன் குறைகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. 80 பேர் கொள்ளும் இடம். நான்கு பேர் குழு, 45 நிமிடமாக மூன்று சுற்று. ஆளுக்கு 150 வெள்ளி என்று வையுங்கள், 600. ஒலி பார்ப்பவருக்கு 150. ஆக 750. சனிக்கிழமை இடம் நிரம்பி ஆளுக்கு இரண்டு பானம் 18 வெள்ளிக்குப் போனால் வரவு 2,880. செவ்வாய்க்கிழமை 20 பேர் வந்தால் அதே கணக்கில் 720. வாடகையும் சமையலறைச் சம்பளமும் கேட்கும் முன்பே குழுவின் சம்பளம் இடிக்கிறது. அதனால் வாரத்தில் ஐந்தாறு நாள் வாசித்த இடங்கள் வெள்ளி, சனி என்று சுருங்கிவிட்டன, மற்ற நாள்களில் ஒருவர் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுகிறார். நான்கு பேர் சேர்ந்து வாரம் முழுக்க ஒரே மேடையில் வாசித்தால்தான் ஒரு குழு குழுவாக இறுகும். அந்தப் பயிற்சிக்களம் போனதுதான் பெரிய இழப்பு, டிக்கெட் விலை இல்லை.

கேட்பவருக்கான பில் கணக்கும் இதோ. பட்டியலில் 18++ என்று போட்டிருந்தால் முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 18 என்பது 19.80 ஆகி 21.58இல் நிற்கும். மேசைக்குக் குறைந்தபட்சச் செலவு என்று போட்டிருந்தால் அது ++க்கு முன்பா பின்பா என்று உட்காரும்போதே கேளுங்கள்.

வரிசை_எண்

டிக்கெட் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பெரிய நிகழ்ச்சிகளில் பலர் தோற்பது வேகத்தில் இல்லை, தயாரிப்பில்.

விற்பனைத் தளத்தில் கணக்கு முந்தின நாளே இருக்க வேண்டும், கைப்பேசி எண்ணும் அட்டையும் அதில் ஏறியிருக்க வேண்டும். விற்பனை தொடங்கும் முன் காத்திருப்பு அறை திறக்கும். அதற்குள் இருந்தவர்களுக்கு வரிசை எண் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் விழும், ஆகவே ஒரு மணி நேரம் முன்பே நுழைந்தவருக்கு எந்தச் சலுகையும் கிடையாது. தொடங்கிய பிறகு நுழைபவர் மட்டும் கடைசியில் போய் நிற்பார். ஒரே கணக்கில் நாலைந்து தாவல்கள் திறந்து வைத்தால் தளம் உங்களைத் தானியங்கிக் கருவி என்று நினைத்து வெளியே தள்ளக்கூடும். ஒரு கணக்கு, ஒரு சாதனம், ஒரு தாவல். குடும்பத்தில் வேறு ஒருவர் வேறு கணக்கில் முயலட்டும்.

பணம் கட்டும் இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். கூடையில் இருக்கை சில நிமிடம்தான் நிற்கும். அந்த நேரத்தில் வங்கிச் செயலி அனுமதி கேட்கும். அந்தச் செயலி வேறொரு கைப்பேசியில் இருந்தாலோ, டிஜிட்டல் டோக்கன் பதிவாகாமல் இருந்தாலோ, அட்டையின் ஒருமுறைச் செலவு வரம்பு 500 என்று இருந்தாலோ இருக்கை போய்விடும். நான்கு டிக்கெட் 248 என்றால் 992 வெள்ளி, மேலே முன்பதிவுக் கட்டணம். வரம்பை முந்தின நாளே ஏற்றிவிடுங்கள்.

முன்விற்பனையை லேசாக நினைக்காதீர்கள். டெய்லர் ஸ்விஃப்டின் 2024 மார்ச் நிகழ்ச்சிகளுக்கு யூஓபி வங்கி அட்டை முன்விற்பனை 2023 ஜூலை 5, பொது விற்பனை ஜூலை 7. அந்த இரண்டு நாள் இடைவெளி பலருக்கு எல்லாமாக இருந்தது. பொது விற்பனையில் சிங்போஸ்ட் அஞ்சல் கிளைகளிலும் கொடுத்தார்கள், முந்தின இரவே வரிசை நின்றது.

விற்றுத் தீர்ந்தது என்று வந்தாலும் விட்டுவிட வேண்டாம். மேடை, திரை, ஒலிமேசை எங்கே என்று முடிவாகும் வரை பக்கவாட்டில் சில கட்டங்களைப் பூட்டி வைத்திருப்பார்கள். வடிவம் உறுதியானதும் அவை திறக்கும், பல சமயம் நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு. தினமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

தேக்காத்தாளம்

தமிழ் நிகழ்ச்சிகளுக்கும் அந்தக் கடைசி விவரம் பொருந்தும். ஆனால் அங்கே அவசரம் குறைவு. முதல் நாளிலேயே தீரும் நிகழ்ச்சிகள் கைவிட்டு எண்ணக்கூடியவை. முன்பதிவுச் சலுகை முடிந்த பிறகும் நடு வகுப்புகளில் இடம் இருக்கும். மேடைக்கு முன்னாலுள்ள விலை கூடின வகுப்புதான் நன்றாகக் கேட்கும் என்று வாங்குகிறார்கள். அது உண்மையா என்று ஒலி தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஒலிமேசை

உண்மையில்லை. முதல் ஐந்து வரிசையில் நீங்கள் பாடகரைப் பார்க்கிறீர்கள், பாட்டைக் கேட்பதில்லை. பிரதான ஸ்பீக்கர்கள் இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்குகின்றன, அவை குறிவைப்பது உங்களுக்குப் பின்னால் உள்ளவர்களை. முன்வரிசைக்குக் கிடைப்பது மேடை விளிம்பில் வைக்கும் சிறிய ஃபிரண்ட் ஃபில் ஸ்பீக்கர்கள், டிரம்ஸின் நேரடிச் சத்தம், தரையில் உள்ள சப் வூஃபர்களின் அதிர்வு. குரல் அடியில் போய்விடும்.

ஒலிப் பொறியாளர் நிற்கிற மேசைதான் அளவுகோல். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கலக்கிறார். இருக்கை வரைபடத்தில் தளத்தின் நடுவில் ஒரு சின்னச் சதுரம் வெறுமையாக இருக்கும், அதுதான். அதற்கு முன்னாலோ இரண்டு பக்கமோ பத்துப் பதினைந்து மீட்டருக்குள் கிடைத்தால் எடுங்கள். அதற்கு நேர் பின்னால் தளத்தில் வேண்டாம், கூடாரமும் ஆட்களும் மறைப்பார்கள். உள்ளரங்கில் தளத்து இருக்கையைவிட மேடையை நேராகப் பார்க்கும் கீழ்த்தட்டுப் படிவரிசை பெரும்பாலும் மேல். முன்னால் இருப்பவர் எழுந்து நின்றாலும் பார்வை மறையாது.

தேசிய விளையாட்டரங்கம் தனி விஷயம். கூரையின் அகலம் மட்டுமே 310 மீட்டர். ஒலி ஒரு விநாடியில் 340 மீட்டருக்குச் சற்று மேல் போகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்குக் குரல் 0.3 விநாடி பிந்தி வரும், திரையில் உதடு முன்பே அசைந்திருக்கும். தூரத்தில் குறையும் சத்தத்தை ஈடுகட்டத்தான் நடுவில் டிலே டவர்கள் நிறுத்துகிறார்கள், மேடைச் சத்தத்தோடு சேர்ந்து விழும்படி அந்த ஸ்பீக்கர்களைத் தாமதித்து ஓட்டுவார்கள். டவருக்குப் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்தால் இரண்டு இடத்துச் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சொற்கள் கலங்கும். பின்சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி மெதுவான பாட்டைவிட வேகமான பாட்டைத்தான் அதிகம் கெடுக்கும். மேல்தட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

இன்னொன்று, அங்கே குளிர்காற்று படிவரிசை இருக்கைகளின் பக்கம்தான் வருகிறது. திடல் தளத்தில் நிற்பவர்களுக்கு அது எட்டாது. மூன்று மணி நேரம் நின்றால் நன்றாகவே வியர்க்கும், பருத்தித் துணியே போதும்.

மிருதங்கப்பிரியை

@ஒலிமேசை, நீங்கள் சொல்வது சினிமாப் பாட்டுக்குச் சரி. கர்நாடக இசைக்கு அளவுகோல் வேறு. மிருதங்கத்தின் வலந்தலையில் (வலது முகம்) விழும் 'நம்', 'தீம்' தனித்தனியாகக் கேட்க வேண்டும், தொப்பியின் (இடது முகம்) கும்காரம், அதாவது வளையும் அடிநாதம், அடியில் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய அரங்கில் தொப்பியின் மைக்கைக் கூட்டிவிடுகிறார்கள், கும்காரம் சப் வூஃபரில் போய் ஒரே உறுமலாகிறது. தனி ஆவர்த்தனத்தில் கணக்கே காதுக்கு எட்டாது. கஞ்சிரா கூட இருந்தால் இன்னும் மோசம். எஸ்பிளனேட் இசையரங்கோ மைக் இல்லாத மேற்கத்திய இசைக்குழுவுக்காகக் கட்டியது. எதிரொலி அறைகளைத் திறந்து வைத்தால் வயலின் அழகாக நிற்கும், ஆனால் மைக் வைத்த தாளவாத்தியம் குழம்பும்.

ஒலிமேசை

ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழியும் அங்கேயே இருக்கிறது. எதிரொலி அறைகளை மூடி, சுவரோரத் திரைகளை இறக்கினால் அரங்கு அடங்கும். தாளவாத்தியம் இருக்கும் கச்சேரிக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். தொப்பி மைக்கில் 80 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை வெட்டி, மைக்கைத் தோலிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்தாலே பாதி உறுமல் போய்விடும். ஒத்திகை நேரம் அரை மணியாகச் சுருங்கும்போதுதான் இதெல்லாம் விடுபடுகிறது. உங்கள் இசைக்கு வாட்டர்ஃபிரண்ட் அரங்கு மாதிரி 550 பேர் அளவே சரி என்பது என் கருத்து.

மிருதங்கப்பிரியை

அதே கருத்துதான் எனக்கும். நவம்பரில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா நடக்கும்போது எஸ்பிளனேடின் வெளியரங்கிலும் உள்முற்றத்திலும் இலவச நிகழ்ச்சிகள் நிறைய, பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணிச் சுற்றுகள். புதியவர்களைக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மாலை மூன்று சுற்று இருந்தால் நடுச்சுற்றுக்குப் போங்கள், முதல் சுற்றில் ஒலி இன்னும் சரியாகி வந்துகொண்டிருக்கும். டிக்கெட் உள்ள அரங்கக் கச்சேரிக்குத் தாமதமாகப் போனால் உருப்படி முடியும் வரை வெளியே நிற்க வேண்டும். ஆலாபனையோடு தொடங்கும் பெரிய உருப்படி என்றால் அந்த நிற்பு அரை மணிக்கு மேல் போகும்.

சிலேத்தார்_ரயில்

வீடு திரும்புவதைப் பற்றி எழுதுகிறேன். பலரும் செய்கிற தவறு, ஸ்டேடியம் நிலையத்தின் கடைசி ரயில் நேரத்தை மட்டும் பார்ப்பது. பார்க்க வேண்டியது நீங்கள் மாறும் நிலையத்தின் கடைசி ரயிலை. வட்டப் பாதையில் ஏறிவிடுவீர்கள், பாய லேபாரிலோ டோபி காட்டிலோ இறங்கும்போது அடுத்த பாதையின் கடைசி வண்டி போயிருக்கும். வீட்டு நிலையத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அரங்கிலிருந்து எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கைப்பேசியில் அலாரம் வையுங்கள்.

காலாங்கில் ஒரே நிலையம்தான் இருக்கிறது என்று எல்லாரும் ஸ்டேடியம் வாசலில் நெருக்குகிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டத்தைத் தடுத்துத் தடுத்துத்தான் உள்ளே விடுவார்கள், பெரிய இரவுகளில் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். நடந்தால் வேறு வழிகள் உண்டு. கிழக்கு மேற்குப் பாதையில் இருப்பவர்கள், தெம்பனிஸ், பாசிர் ரிஸ், ஜூரோங் பக்கம் எல்லாரும், காலாங் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். கால் மணி நேர நடை, ரயில் மாற வேண்டியதே இல்லை. உட்லண்ட்ஸ், அப்பர் தாம்சன் பக்கம் போகிறவர்களுக்கு 2024 ஜூன் 23 முதல் தஞ்சோங் ரூ நிலையம் இருக்கிறது. ஆற்றின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்து போனால் தாம்சன் ஈஸ்ட்கோஸ்ட் பாதையில் நேராக உட்லண்ட்ஸ். இந்த வழி இன்னும் பலருக்குத் தெரியவில்லை, அதனால் கூட்டம் குறைவு.

வண்டி கூப்பிடுகிறவர்கள் அரங்கு வாசலில் நின்று கூப்பிடாதீர்கள். சுற்றுச்சாலைகளில் வண்டி நகராது, ஓட்டுநர் வந்து சேராமல் ரத்து செய்வார், ஒவ்வொரு முறையும் கட்டணம் ஏறும். மவுண்ட்பேட்டன் சாலைப் பக்கமோ கில்மார்ட் சாலைப் பக்கமோ பத்து நிமிடம் நடந்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஓல்டு ஏர்போர்ட் ரோடு உணவங்காடியும் அந்தப் பக்கம்தான், நிகழ்ச்சிக்கு முன் சாப்பிட அது நல்ல இடம்.

ஸ்டார் தியேட்டர் இதைவிட எளிது, புவன விஸ்தாவில் இரண்டு பாதையும் இருக்கின்றன. அங்கே பிரச்சினை நிகழ்ச்சியின் நீளம். ஏழு மணி என்று போட்டு ஏழே முக்காலுக்குத் தொடங்கி நான்கு மணி நேரம் போனால் கடைசி மூன்று பாட்டு கேட்க முடியாமல் எழ வேண்டியவர்கள் கூட்டத்தில் பாதிப் பேர். ஏற்பாட்டாளர்கள் இதைக் கவனித்து நேரத்துக்குத் தொடங்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கோல்_பாலா

பத்தரைக்கு மேல் மது கிடையாது என்கிறார்களே, அப்படியென்றால் இரவில் லைவ் பேண்ட் இருக்கும் இடங்களில் என்ன செய்வார்கள்?

தேக்காத்தாளம்

தம்பி, அந்த விதி 2015 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது, அது பொது இடங்களுக்கு. இரவு 10.30 முதல் காலை 7 வரை தெருவிலோ பூங்காவிலோ குடிக்கக் கூடாது, கடைகள் எடுத்துப் போகக் கொடுக்கக் கூடாது. உரிமம் உள்ள இடத்துக்குள் உட்கார்ந்து குடிப்பதற்கு அந்த இடத்தின் உரிம நேரம்தான் கணக்கு. கிளாஸோடு வாசலுக்கு வந்து நிற்காதீர்கள், அவ்வளவுதான். தேக்காவிலும் (லிட்டில் இந்தியா) கேலாங்கிலும் விதி இன்னும் கடுமை: சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் எந்த நேரத்திலும் கூடாது. பொது விடுமுறைகளுக்கும் அப்படியே, முந்தின மாலை 7 மணிக்கே தொடங்கிவிடும்.

வரிசை_எண்

மறுவிற்பனை பற்றிக் கேட்டு எனக்குத் தனிச்செய்தி நிறைய வருகிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெலிகிராமில் ஒருவர் டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி பேநவ் பணமாற்றில் பணம் கேட்டால் நின்றுவிடுங்கள். நகரும் பார்கோடு உள்ள டிக்கெட் என்றால் அந்தப் படம் வாசலில் செல்லாது. நிலையான பார்கோடு என்றால் அதே படத்தைப் பத்துப் பேருக்கு விற்றிருக்கலாம், முதலில் வந்தவர் உள்ளே போவார். உண்மையான விற்பனையாளர் தளத்தின் வழியாகவே உங்கள் கணக்குக்கு மாற்றிவிட முடியும், அப்படி மாற்றிய பிறகுதான் பணம். 'முன்பணமாகப் பாதி' என்ற சொல் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் 1799, ஸ்கேம்ஷீல்டு உதவி எண்.

டிக்கெட்டை வாசலில் திறக்கலாம் என்றும் இருக்காதீர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிற இடத்தில் இணையம் திணறும். ரயிலில் வரும்போதே திறந்து கைப்பேசியின் பணப்பையில் சேமித்து, திரை வெளிச்சத்தைக் கூட்டி வையுங்கள்.

காலாங்_கரை

எல்லாருக்கும் நன்றி. ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். மரினா பே சேண்ட்ஸ் விரிவாக்கத்தில் 15,000 பேர் கொள்ளும் அரங்கு வருகிறது, 2025 ஜூலையில் அடிக்கல் நாட்டினார்கள். பெரிய பெயர்களுக்கு இடப் பஞ்சம் இருக்காது.

தேக்காத்தாளம்

வரட்டும், சந்தோஷம். ஆனால் 2024இல் கோல்ட்பிளே ஆறு இரவு, டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு நடந்த ஊர் இது. பெரிய அரங்குக்கு ஆள் வருவார்கள் என்பது நிரூபணமான விஷயம். சொந்தப் பாட்டு எழுதும் உள்ளூர்த் தமிழ் இளைஞர் ஒருவர் 120 பேரைத் திரட்டினால் அவரை எங்கே அனுப்புவது? 550 இருக்கை அரங்கில் அந்தக் கூட்டம் காலியாகத் தெரியும். பானம் விற்றால்தான் மேடை என்ற இடத்தில் பதினாறு வயது ரசிகர் உள்ளே வர முடியாது. சமூக மன்றங்களில் அறை உண்டு, ஆனால் ஒலி அமைப்பு அறிவிப்பு சொல்வதற்கானது. 100 முதல் 200 பேர் நிற்கும் அறை, ஒழுங்கான பிஏ (ஒலிபெருக்கி அமைப்பு), பதினொரு மணி வரை அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாத சுவர். இது மூன்றும் உள்ள இடம் தமிழுக்கு வேண்டும்.

ஒலிமேசை

அந்தச் சுவர்தான் செலவு. நடுத்தர, உயர்ந்த ஒலியைக் கதவும் மெத்தையும் தடுத்துவிடும். கீழ் ஸ்தாயி தடுக்கக் கனமான இரட்டைச் சுவரும் நடுவில் காற்றிடைவெளியும், இரண்டு கதவுள்ள நுழைவறையும் வேண்டும். பழைய கடைவீட்டில் பக்கத்து வீட்டோடு சுவர் பொது, அதனால் பாஸ் கிட்டார் நேராகப் போய்விடும். புகார் வருவது எப்போதும் குரலுக்கு இல்லை, பாஸுக்கு. சின்ன இடம் நடத்த நினைப்பவர்கள் சப் வூஃபர் இல்லாமல், டிரம்ஸுக்குப் பதில் கஹோன் (உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) வைத்துத் தொடங்குவது அதனால்தான்.

செங்காங்_மீனா

ஜோகூரிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது, நான்கு பேர், பிள்ளைக்கு 7 வயது. உள்ளரங்கு நிகழ்ச்சி. எங்கே டிக்கெட் எடுக்கலாம், காது பற்றிப் பயம் வேண்டுமா? அன்றிரவு தங்கப் போவது தெம்பனிஸில்.

ஒலிமேசை

மேடையை நேராகப் பார்க்கும் கீழ்த்தட்டு எடுங்கள், ஸ்பீக்கர் தொங்கும் கோட்டுக்கு நேர் எதிரே வேண்டாம். காதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100இல் கால் மணி நேரம்தான். கச்சேரியில் 100 சாதாரணம். பிள்ளைக்குத் தலையைச் சுற்றிப் போடும் காதுறை, பெரியவர்களுக்கு 15 முதல் 20 டெசிபெல் குறைக்கும் இசைக்கான காதடைப்பான். பஞ்சு வைத்தால் உயர் ஸ்தாயி மட்டும்தான் போகும், காப்பு கிடையாது. காதுறையை வீட்டிலேயே ஒரு மணி நேரம் போட்டுப் பழக்குங்கள், அரங்கில் முதல்முறை போட்டால் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஏழு வயதுக்குத் தனி டிக்கெட் வேண்டியிருக்கும், விற்பனைப் பக்கத்தில் வயது விதியைப் பாருங்கள்.

சிலேத்தார்_ரயில்

தெம்பனிஸ் என்றால் காலாங் நிலையத்துக்கே நடக்கச் சொல்லுங்கம்மா, அங்கிருந்து ஒரே ரயில். நிலையங்களில் ஒருவழிச் சீட்டு விற்பதை 2022லேயே நிறுத்திவிட்டார்கள், இயந்திரத்தின் முன் போய்த் தேட வேண்டாம். பிள்ளையும் சேர்த்து ஆளுக்கொரு அட்டை (பயண அட்டையோ வங்கி அட்டையோ) தட்ட வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேர் தட்ட முடியாது. மலேசிய வங்கி அட்டையில் தொடாமல் கட்டும் வசதியும் வெளிநாட்டுச் செலவும் திறந்திருக்கிறதா என்று ஜோகூரிலேயே பார்த்துவிட்டு வரட்டும்.